இல்லாத கேமராவுக்கு முன்பணம் கட்டியவர்கள் ஏன் இன்றும் நன்றி சொல்கிறார்கள்?

ஓர் இளம் உதவி ஒளிப்பதிவாளர் கேட்ட கேள்வி இது: "ரெட் என்ற டிஜிட்டல் சினிமாக் கேமராவை முதன்முதலில் வாங்கியவர்கள், 2019-இல் அதன் நிறுவனர் ஜிம் ஜன்னார்டு ஓய்வு பெற்றபோதும் சரி, 2024-இல் அந்தக் கம்பெனியை நிக்கான் வாங்கியபோதும் சரி, உருகி உருகி நன்றி சொன்னார்கள். பணம் கொடுத்தது அவர்கள். நன்றி சொல்ல வேண்டியது கம்பெனிதானே? இது பிராண்ட் மோகம் இல்லாமல் வேறென்ன?"

மோகமும் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நன்றிக்கு அடியில் கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது. அதுவரை வாடகைக்கு மட்டுமே கிடைத்த ஒரு பொருளை அந்தக் கம்பெனி அவர்களுக்குச் சொந்தமாக்கியது. சொந்தமாக்கிய பிறகு, அவர்கள் போட்ட பணம் கரைந்துவிடாமல் பல வருடங்கள் பார்த்துக்கொண்டது. இது புரிய வேண்டுமென்றால் 2006-க்கு முந்தைய நிலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அன்றைக்கு சினிமா என்றால் 35 மி.மீ. ஃபிலிம். ஆயிரம் அடி ரோல் ஒன்று ஓடுவது ஏறத்தாழ 11 நிமிடம். ரோல் விலை, லேப் செலவு, அதை டிஜிட்டலுக்கு மாற்றும் செலவு என்று எல்லாம் சேரும்போது, இயக்குநர் "ஒன் மோர்" என்றாலே தயாரிப்பாளர் முகம் மாறும். கேமராவைத் தனி ஆள் வாங்குவது என்ற பேச்சே கிடையாது. பானாவிஷன் என்ற பெரிய கேமராக் கம்பெனி தன் கேமராக்களை விற்பதே இல்லை, வாடகை மட்டும்தான். டிஜிட்டல் பக்கம் சோனியின் எஃப்900 இருந்தது. டேப்பில் பதிவாகும், 1920-க்கு 1080 பிக்சல், ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் அளவு 2/3 அங்குலம், விலை லட்சம் டாலர் அளவில். டால்சா ஆரிஜின் என்ற கேமரா 4கே, அதாவது அகலத்தில் சுமார் நாலாயிரம் பிக்சல் தரும், ஆனால் அதுவும் வாடகைக்குத்தான்.

காசில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? 2002-இல் பானாசோனிக் டிவிஎக்ஸ்100 வந்தது. விநாடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும் கையடக்க வீடியோ கேமரா. சினிமாவின் அசைவு கிடைத்துவிட்டது. சினிமாவின் தோற்றம் கிடைக்கவில்லை. சென்சார் குட்டி என்பதால் முகமும் தெளிவு, பின்னால் இருக்கும் சுவரும் தெளிவு. இதைச் சரிக்கட்ட ஓர் அடாப்டர் புழக்கத்துக்கு வந்தது. அந்த அமைப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கேமராவின் முன்னால் ஒரு குழாய். குழாயின் முனையில் ஒரு ஸ்டில் லென்ஸ், பெரும்பாலும் பழைய நிக்கான். நடுவில் ஒரு மங்கல் கண்ணாடி. லென்ஸ் அந்தக் கண்ணாடியில் விழ வைக்கும் பிம்பத்தை, பின்னால் இருக்கும் வீடியோ கேமரா படம் பிடிக்கும். கண்ணாடி சும்மா நின்றால் அதன் பொடிப்பொடியான சொரசொரப்பு படத்தில் தெரிந்துவிடும். அதனால் ஒரு சின்ன மோட்டார் அதைச் சுழற்றிக்கொண்டோ அதிர வைத்துக்கொண்டோ இருக்கும். பேட்டரி இறங்கினால் கண்ணாடியின் வேகம் குறையும். ஷாட்டின் நடுவே வானத்தில் அழுக்கு ஓடும். பிம்பம் தலைகீழாக விழும் என்பதால் மானிட்டரையே தலைகீழாகக் கட்டி ஃபோகஸ் இழுத்தார்கள். வெளிச்சமும் கணிசமாகக் குறையும். இத்தனை பாடும் எதற்கு? பின்னணி மங்கலாக, முகம் மட்டும் எழுந்து நிற்கும் அந்த ஒரு தோற்றத்துக்கு.

ரெட்டின் முதல் ஆதரவாளர்களில் பெரும்பங்கு இந்த அடாப்டர்க்காரர்கள்தான். ஹாலிவுட்டின் பெரிய ஒளிப்பதிவாளர்கள் அப்போது இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

சரி, ஜன்னார்டு யார்? 1975-இல் வெறும் 300 டாலரில் ஓக்லி கம்பெனியைத் தொடங்கியவர். முதலில் மோட்டார்சைக்கிள் கைப்பிடி விற்றார், பிறகு குளிர்கண்ணாடிகளால் உலகப் புகழ். 2007-இல் ஓக்லியை லக்ஸோட்டிகா ஏறத்தாழ 210 கோடி டாலருக்கு வாங்கியது. கேமராக்களைச் சேகரிக்கும் பித்து அவருக்கு நெடுநாளாக உண்டு. ஒரு சோனி எச்டி கேமரா வாங்கியபோது, அதில் எடுத்ததைத் தன் மேக் கம்ப்யூட்டரில் பார்க்கவே தனி மென்பொருள் தேவைப்பட்டது அவரைக் கடுப்பாக்கியது. லுமியேர் எச்டி என்ற அந்த மென்பொருளின் வழியாக அறிமுகமானவர்தான் டெட் ஷிலோவிட்ஸ். ரெட்டின் முதல் ஊழியர்களில் ஒருவர். சென்சார் தருவதைப் படமாக மாற்றும் கணிதத்தைப் பார்த்துக்கொள்ள கிரேம் நாட்ரஸ் வந்தார். டிவிஎக்ஸ்100 கேமராக்காரர்களை ஒன்றுதிரட்டிக்கொண்டிருந்த ஜாரெட் லேண்டும் சேர்ந்தார். பின்னாளில் கம்பெனியின் தலைவரே ஆனார். அதாவது, அடாப்டரோடு மல்லுக்கட்டிய கூட்டத்திலிருந்தே ஓர் ஆள் மேலே போய் உட்கார்ந்தார். ஆரம்பகால ஆட்கள் அந்தக் கம்பெனியை "நம்ம கம்பெனி" என்ற தொனியில் பேசியதற்கு இதுவும் ஒரு காரணம்.

2006 ஏப்ரல். லாஸ் வேகாஸில் வருடாவருடம் நடக்கும், ஒளிபரப்புக் கருவிகளுக்கான என்ஏபி கண்காட்சி. அங்கே கண்ணாடிக்குள் ரெட் ஒன் என்ற கேமராவின் மாதிரி வடிவம் மட்டும் இருந்தது. வேலை செய்யும் கேமரா கிடையாது. எழுதி வைத்திருந்தது இதுதான்: 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கு ஒரு சென்சார், 12 மெகாபிக்சல், 4கே, ரா பதிவு (சென்சார் பார்த்ததை அப்படியே பதிவு செய்வது), விலை 17,500 டாலர். ஆயிரம் டாலர் முன்பணம் கட்டினால் வரிசையில் உங்களுக்கு ஓர் இடம். சினிமாக் கேமரா செய்து பழக்கமே இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் சொல்கிறார். தொழிலில் ஊறியவர்கள் இதை மோசடி என்றே நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் தப்பில்லை. 17,500 டாலரில் 4கே என்பது அன்றைய விலைகளைப் பார்த்த எவருக்கும் நடக்கிற காரியமாகத் தெரிந்திருக்காது.

ஆனால் அந்த ஆயிரம் டாலரை எப்போது வேண்டுமானாலும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இந்த ஒரு நிபந்தனையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பொருள் வருமுன்பே மக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர் வந்தது 2009-இல்தான். அதற்குப் பிறகு பொருள் வருவதற்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, பொருளும் வராமல் பணமும் வராமல் நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டோம். ரெட் அன்று கேட்டது நம்பிக்கையின் ஒரு சின்ன அடையாளம். ஆபத்தின் பெரும்பங்கு ஜன்னார்டின் சொந்தப் பணத்தில் இருந்தது.

அடுத்த 16 மாதங்கள் அவர் நடந்துகொண்ட விதம்தான் அந்த உறவைக் கட்டியது. வேலை எங்கே நிற்கிறது என்பதை இணைய மன்றங்களில் அவரே எழுதினார். எது தாமதமாகிறது, ஏன் தாமதமாகிறது என்பதையும் சொன்னார். வாழ்க்கையில் எல்லாமே மாறும், எங்கள் கேமராவின் விவரங்களும் டெலிவரி தேதிகளும் உட்பட என்ற ஒரு வரியைத் தான் எழுதுவதற்கெல்லாம் அடியில் சேர்ப்பார். வாங்கப் போகிறவர்களிடமே கருத்துக் கேட்டார்கள். கோடீஸ்வர முதலாளி, வரிசையில் எங்கோ நிற்கும் ஒரு கல்யாண வீடியோக்காரரின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதை அந்தத் தொழில் அதற்கு முன் பார்த்ததில்லை. சோனிக்கோ பானாசோனிக்குக்கோ கடிதம் எழுதினால் பதில் வருமா, யாரிடமிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

2007 வசந்தத்தில் இரண்டு முன்மாதிரிகள் நியூசிலாந்துக்குப் போயின. போரிஸ், நடாஷா என்று அவற்றுக்குப் பெயர். பீட்டர் ஜாக்சன் அவற்றை வைத்து முதல் உலகப் போர்க் களத்தில் நடக்கும் ஒரு குறும்படத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த ஆண்டு என்ஏபியில் அதைப் பார்க்க நீண்ட வரிசை. முன்பணம் கட்டியவர்களுக்கு அன்றுதான் மூச்சு வந்திருக்கும். ஸ்டீவன் சோடர்பெர்க் இன்னும் முழுமை பெறாத கேமராக்களை எடுத்துக்கொண்டு சே குவேராவைப் பற்றிய படத்துக்குப் போய்விட்டார். 2007 ஆகஸ்ட் கடைசியில் முதல் கேமராக்கள் வாங்கியவர்களின் கைக்கு வந்தன.

வந்த கேமரா குறையில்லாததா? கிடையவே கிடையாது. ஸ்விட்ச் போட்டால் தயாராக ஒன்றரை நிமிடம் ஆகும். படப்பிடிப்பில் ஒன்றரை நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று செட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். எடுத்த ஷாட்டைக் கேமராவிலேயே போட்டுப் பார்க்கும் வசதி ஆரம்பத்தில் இல்லை. 8 ஜிபி கார்டில் ஐந்து நிமிடம்கூட வராது. நீளமாக எடுக்க வேண்டுமென்றால் தனி டிரைவ். அதற்குள் சுழல்வது லேப்டாப் ஹார்டு டிஸ்க், பக்கத்தில் பாட்டைச் சத்தமாகப் போட்டால் அந்த அதிர்விலேயே ஃபிரேம் விட்டுப் போகும். மஞ்சள் வெளிச்சம் தரும் டங்ஸ்டன் விளக்கில் எடுத்தால் நீலச் சானலில் நாய்ஸ், அதாவது பொடிப்புள்ளிகள் கொட்டும், நீல ஃபில்டர் போட்டுத் தப்பிக்க வேண்டும். வெயிலில் வெளிச்சத்தைக் குறைக்க அடர்த்தியான என்டி ஃபில்டர் போட்டால் அகச்சிவப்புக் கதிர் உள்ளே புகுந்து கறுப்புக் கோட்டு பழுப்பாகிவிடும்.

இதெல்லாம் நன்றியைக் குறைத்திருக்க வேண்டும் இல்லையா? நடந்தது வேறு. குறை இருப்பதைக் கம்பெனி மறைக்கவில்லை. கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் ஓர் எண் போட்டு வெளியிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குறை தீரும், ஏதோ ஒரு வசதி கூடும். காசு வாங்காமல். போன மாதம் வாங்கிய கேமரா இந்த மாதம் மேலும் நல்ல கேமராவாக இருக்கும் அனுபவம் அந்தத் தொழிலுக்குப் புதிது. அதுவரை டேப் கேமரா ஒன்றை வாங்கினால், வாங்கிய அன்றே அதன் உச்சம் முடிந்துவிடும். அப்புறம், எந்த ஃபில்டர் போட்டால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், எந்த டிரைவை எப்படிப் பொருத்தினால் ஃபிரேம் விடாது என்பதையெல்லாம் வாங்கியவர்களே கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். முகம் தெரியாத ஒருவர் டெஸ்ட் எடுத்து முடிவைச் சொன்னதால் இன்னொருவரின் படப்பிடிப்பு தப்பித்தது. இந்த நன்றியில் பாதி கம்பெனிக்குப் போக வேண்டியதே இல்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் பட்ட கடன் அது.

இப்போது பணக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் என் பதிலின் நடுப்பகுதி இதுதான். எலக்ட்ரானிக் கேமராவின் சாபம், அடுத்த மாடல் வந்ததும் முந்தையது பழைய இரும்பாவது. ரெட் இதற்கு எதிராகவே பேசியது. பழையதாகிப் போவதையே பழங்கதையாக்குவோம் என்பதுதான் அவர்களின் முழக்கம். முழக்கம் யார் வேண்டுமானாலும் போடலாம். இவர்கள் செய்தும் காட்டினார்கள். மிஸ்டீரியம்-எக்ஸ் என்ற புதுச் சென்சார் வந்தபோது, பழைய ரெட் ஒன்னை அனுப்பினால் உள்ளே இருந்த சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தித் திருப்பி அனுப்பினார்கள். புதுக் கேமராவின் விலையில் ஒரு பகுதிதான் செலவு. நாய்ஸ் குறைந்தது, இருட்டில் கூடுதலாகத் தெரிந்தது. இயக்குநர் டேவிட் ஃபின்ச்சரும் ஒளிப்பதிவாளர் ஜெஃப் குரோனன்வெத்தும் 2010-இல் வெளிவந்த தி சோஷியல் நெட்வொர்க்கை எடுத்தது இந்தச் சென்சார் வைத்த ரெட் ஒன்னில்தான். ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. மூன்று வருடம் முன்பு வாங்கியவரின் அதே கேமரா உடல், சென்சார் மட்டும் மாறி, ஆஸ்கர் மேடை வரை போன கேமராவாகிவிட்டது.

இன்னும் பெரியது அடுத்த செய்தி. எபிக் என்ற அடுத்த கேமராவை 2008-இல் அறிவித்தபோது, ரெட் ஒன் வைத்திருப்பவர்கள் அதைக் கொடுத்தால் அவர்கள் கொடுத்த 17,500 டாலரும் முழுசாகக் கழித்துக்கொள்ளப்படும் என்றார்கள். தேய்மானம் பூஜ்யம். இடையில் அந்தக் கேமராவை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்ததெல்லாம் சொந்தக்காரருக்கே லாபம். சினிமாக் கருவித் தொழிலில் இப்படி ஒரு சலுகையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. எபிக் கையால் கோத்துத் தயாரான முதல் தொகுதியிலும் பழைய வாடிக்கையாளர்களுக்குத்தான் முதல் இடம். கம்பெனி தன் நன்றியைக் காட்டிய விதம் இதுதான்: வாய்ப்பேச்சில் அல்லாமல், வரிசையில் இடமாகவும் விலையில் கழிவாகவும்.

இதனால் யாருடைய வாழ்க்கை மாறியது என்பதையும் பார்க்க வேண்டும். கேமரா சொந்தமாக இருந்ததால் வேலை கிடைத்தவர்கள் உண்டு. "ரெட் வைத்திருக்கிறவர்" என்று கூப்பிடப்பட்டு உள்ளே போய், ஒளிப்பதிவாளராக வெளியே வந்தவர்கள் உண்டு. ஒரு கேமராவில் தொடங்கி வாடகைக் கம்பெனி நடத்தும் அளவுக்கு வளர்ந்தவர்கள் உண்டு. தமிழுக்கும் இதில் உண்மையான தொடர்பு இருக்கிறது. 2009-இல் வந்த தமிழ்ப் படம் அச்சமுண்டு அச்சமுண்டு, அமெரிக்காவிலேயே எடுக்கப்பட்டது, ரெட் ஒன்னில். ஃபிலிமில் எடுப்பதாக இருந்தால் அப்படிப்பட்ட ஒரு சின்னப் படத்துக்குச் செலவு எவ்வளவு கூடியிருக்கும் என்று தயாரிப்பு வேலை தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

எடுத்த படத்துக்கு நிறம் திருத்தும் டிஐ அறையில் உட்காருகிறவன் என்ற முறையில் எனக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றும் உண்டு. ரெட்கோட் ரா. சென்சார் பார்த்ததை அப்படியே, வேவ்லெட் என்ற கணித முறையில் சுருக்கி, கேமராவுக்குள்ளேயே பதிவு செய்யும் முறை. விளக்கின் நிறத்தையும் ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவையும் படப்பிடிப்பில் முடிவு கட்டத் தேவையில்லை. அவை ஃபைலோடு கூட வரும் குறிப்புகள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். 2007-இல் எடுத்த ஃபைலை இன்றைய மென்பொருளில் திறந்து, 2017-இல் வந்த ஐபிபி2 என்ற ரெட்டின் புது நிறக் கணக்கீட்டைப் போட்டால், ஜன்னல் வெளிச்சம் வெள்ளையாக வெடிக்கும் இடம் பதமாக இறங்குகிறது. தோல் நிறம் அன்று வராத அளவுக்கு இயல்பாக வருகிறது. எடுத்தவர் ஒன்றும் செய்யவில்லை. அவருடைய ஃபுட்டேஜ் தானாகவே முதிர்ந்திருக்கிறது. அந்தக் காலத்து டேப் எதிலிருந்தும் இப்படிப் புதிதாக எதையும் எடுத்துவிட முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றிக்கே மதிப்பில்லை. ஸ்கார்லெட் என்ற சின்னக் கேமராவை 3,000 டாலருக்குள் தருவதாக 2008-இல் பேசினார்கள். 2011 நவம்பரில் ஸ்கார்லெட்-எக்ஸ் வந்தபோது வெறும் உடலே 9,750 டாலர். அது வேறு கேமரா, மேலான கேமரா, உண்மைதான். ஆனால் முதல் விலையை நம்பிக் காத்திருந்த மாணவனுக்கு அந்த விளக்கத்தால் பயனில்லை. ரா சுருக்கத்துக்கு வாங்கிய காப்புரிமையை வைத்துச் சோனி மேல் 2013-இல் வழக்கு, நிக்கான் மேல் 2022-இல் வழக்கு. 2019-இல் ஆப்பிள் அந்தக் காப்புரிமையை எதிர்த்துப் பார்த்தும் பலிக்கவில்லை. எல்லோருக்கும் கதவைத் திறந்த கம்பெனி, பின்னால் வந்தவர்களுக்கு அதே கதவில் பூட்டுப் போட்டது என்பது என் கருத்து. ஆரம்பகால ஆதரவாளர்களில் பலர் இதைப் பற்றிப் பேசத் தயங்குவதையும் கவனித்திருக்கிறேன். நன்றி வாயை அடைத்துவிடும் இடம் அது.

ரெட் கொண்டுவந்த ஹைட்ரஜன் என்ற போனின் கதையும் உண்டு. 2017-இல் அறிவிப்பு, அலுமினியம் 1,195 டாலர், டைட்டானியம் 1,595 டாலர். 2018 கடைசியில் வந்தது, எடுபடவில்லை. அதை வாங்கியவர்களில் பலர் பழைய கேமராக்காரர்களே. ஒரு முறை நம்பி நல்லது நடந்ததால் மறுமுறையும் நம்பியவர்கள். ஹைட்ரஜன் வைத்திருப்பவர்களுக்கு அடுத்து வரும் கருவியில் விலையிலும் வரிசையிலும் முன்னுரிமை தருவதாக ஜன்னார்டு 2019-இல் அறிவித்தார். அதே வருடம் அக்டோபரில் வயது 70, உடல்நலக் காரணம் என்று சொல்லி ஓய்வு பெற்றார். போனும் அத்தோடு நின்றது. அப்போது வந்த நன்றிகளை நீங்கள் மோகம் என்கிறீர்கள். போனில் பணம் விட்டவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். 2007-இன் கணக்கில் அவர்களுக்கு இன்னும் மிச்சம் இருந்தது.

வெற்றி பெற்ற கம்பெனி என்பதால்தான் இந்த நன்றி என்று நினைத்தால், டிஜிட்டல் போலெக்ஸ் என்ற சின்னக் கேமராக் கம்பெனியைப் பாருங்கள். 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, டி16 என்ற 16 மி.மீ. அளவுக் கேமராவைச் சொன்னபடி செய்து கொடுத்தார்கள். 2016-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கேமராக் கம்பெனியாக அது தோற்றதுதான். ஆனால் அந்தக் கேமராவை வைத்திருப்பவர்கள் இன்றும் அதை விற்க மனம் வராமல் பாதுகாக்கிறார்கள்.

இனி நிக்கான். 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது, ஏப்ரலில் கைமாறி முடிந்தது. ரெட் இப்போது நிக்கானின் முழு உரிமையில் இருக்கும் துணை நிறுவனம். வழக்குப் போட்டவரும் போடப்பட்டவரும் ஒரே வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். முன்பணம் கட்டிய அந்தப் பழைய ஆட்களுக்கு நிக்கான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. பழைய ரெட் ஒன்களில் பல இன்று அலமாரியில்தான் இருக்கின்றன. நாலரைக் கிலோ உடலைத் தூக்கிக்கொண்டு யாரும் படப்பிடிப்புக்குப் போவதில்லை. அவர்கள் 2024-இல் சொன்ன நன்றி, புது முதலாளியிடம் எதையும் எதிர்பார்த்துச் சொன்னதில்லை என்பதை மட்டும் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.